தொட்டிக்குள் ஒரு கூட்டணி

போன நவம்பரில் மகள் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி வாங்குவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தது மகள், வழிமொழிந்தது தங்கமணி, பில் கட்டியது நான். மூணடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். கணக்குப் போட்டால் 106 லிட்டர். கூழாங்கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 85 லிட்டர் தண்ணீர் நிற்கும். எங்கள் நொய்டா ஃப்ளாட் ஹாலுக்கு இதுவே பெரிசு.

மீன் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை. பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி, "வாஸ்துப்படி எட்டு ஆரஞ்சு, ஒரு கறுப்பு கோல்டு ஃபிஷ் வைங்க" என்றார். மகளுக்குக் கலர் கலராக வேண்டும். கடைக்காரரிடம் "இதெல்லாம் ஒண்ணா இருக்குமா?" என்று கேட்டேன். "சப் சலேகா சார்" என்றார். எல்லாம் ஓடும்!

நம்பி வாங்கினேன். கோல்டு ஃபிஷ் 9, நல்லா வளர்ந்த ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 6, நியான் டெட்ரா 10, "ஷார்க்" என்று ஒன்று, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர். ஆக மொத்தம் 29 உறுப்பினர் கூட்டணி. நம்மூர் தேர்தல் கூட்டணியாவது ரிசல்ட் வரும்வரை தாங்கும். இது மூணு நாளில் உடைந்தது.

தினம் காலையில் எண்ணினால் நியான் குறையும். ஏஞ்சல் நாளொன்றுக்கு ஒன்றாக முழுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏஞ்சலின் நீளமான துடுப்பை டைகர் பார்ப் கடித்துக் கந்தலாக்கியது. டிசம்பர் குளிர் வந்ததும் ஹீட்டர் பிரச்னை. போடாவிட்டால் நியானுக்கு ஆகாது, போட்டால் கோல்டு ஃபிஷுக்கு ஆகாது. கோல்டு ஃபிஷ் ஒன்பதும் போட்ட கழிவில் அம்மோனியா ஏறி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொன்றாகப் போனது.

மகள் கேட்டாள்: "அப்பா, ஏஞ்சல் கெட்ட மீனா?"

"இல்லடா" என்றேன். அழுதாள். அழுகையை நிறுத்த, "வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த தோழியிடம் மகள் சொல்கிறாள்: "செத்தா பரவாயில்ல, எங்கப்பா வேற வாங்கித் தருவாங்க." சுருக்கென்றது. உயிர் மேல் பிள்ளைக்கு அக்கறை வரட்டும் என்றுதான் தொட்டி வாங்கினேன். அது கற்றுக்கொண்டது நேரெதிர் பாடம். கற்றுக்கொடுத்தது ஏஞ்சல் இல்லை, நான்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவர் கடையில் அந்த மீன்கள் சேர்ந்து இருக்கவேண்டியது நாலு நாள். நம் வீட்டில் நாலு வருஷம். ஒழுங்காக வைத்தால் கோல்டு ஃபிஷ் பத்து வருஷம் தாண்டும். எனவே "ஒண்ணா இருக்குமா" என்பது தப்பான கேள்வி. என் அனுபவத்தில் கேட்கவேண்டியது நாலு.

முதல் கேள்வி, எவ்வளவு பெரிசாகும்? கடையில் எல்லாமே ரெண்டு இஞ்ச் குட்டி. "ஷார்க்" என்று விற்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, ஹோட்டலில் பாசா என்று தட்டில் வருகிற பங்காசியஸ்தான். ஒரு மீட்டர் தாண்டி வளரும், என் தொட்டியை விட நீளம்! சக்கர் ஒண்ணரை அடி வரை போகும். வளர்ந்தபிறகு "ஹிண்டன் ஆத்துல விட்டுடுங்க சார்" என்றார் வாட்ச்மேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்படி விட்ட சக்கர்தான் இன்று நம் நாட்டு ஏரி குளங்களில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நான் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரெண்டாவது, என்ன சூடு வேண்டும்? கோல்டு ஃபிஷுக்கு 18 முதல் 22 டிகிரி சுகம். நியான், ஏஞ்சலுக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். ஒரே தொட்டியில் ரெண்டு ஊர் சீதோஷ்ணம் வைக்க முடியாது.

மூணாவது, உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எப்படி? இதை யாரும் சொல்வதில்லை. பக்கெட்டில் வெள்ளைப் படிவம் வந்தால், சோப்பு நுரைக்காவிட்டால் அது கடினத் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் அப்படித்தான். நியான் அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீர் கேட்கும். மோலி, பிளாட்டி, கப்பிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். பெங்களூரில் காவேரித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு ஒரு மீன், டேங்கர் தண்ணீர் வாங்குகிற வீட்டுக்கு வேற மீன். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்புவதும் சரியில்லை. தாது உப்பே இல்லாத தண்ணீரில் மீன் நிலைக்காது.

நாலாவது, குணம் என்ன, கூட்டம் எத்தனை? டைகர் பார்ப் எட்டு, பத்து என்று இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். குறைவாக இருந்தால் அடுத்தவன் வாலைக் கடிக்கும். நீள வால் மீனோடு எப்போதும் சேர்க்கக்கூடாது.

"எங்க வீட்டுல ரெண்டு வருஷமா கோல்டு ஃபிஷும் ஏஞ்சலும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். ஷேர் ஆட்டோவில் எட்டு பேர் ஏறினாலும் மெட்ரோ ஸ்டேஷன் போய்ச் சேருகிறோம். அதற்காக அதிலேயே குடியிருக்க முடியுமா?

என் கட்சி இதுதான்: நடுத்தர சைஸ் தொட்டிக்கு ரெண்டு வகை போதும். கலர் குறையும், சாவும் குறையும். கோல்டு ஃபிஷ்தான் வேண்டும் என்றால் அது மட்டும், அதுவும் ரெண்டே ரெண்டு. வாஸ்து கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பு :-)

இப்போது எங்கள் தொட்டியில் ஜீப்ரா டேனியோ 8, பிளாட்டி 5 (ஆண் ரெண்டுக்குப் பெண் மூணு). ஜீப்ரா டேனியோ இங்கேயே கங்கைப் பக்கத்து மீன். ஹாமில்டன் 1822ல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே இருக்கிறது. கடினத் தண்ணீர், கொஞ்சம் குளிர் ரெண்டையும் ரெண்டு வகையும் தாங்கும். ஜனவரி ராத்திரிக்கு மட்டும் ஹீட்டர். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து அம்மோனியா அடங்க ஆறு வாரம் ஆனது. அதுவரை டேனியோ நாலு மட்டும், வாரத்துக்கு ரெண்டு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றினோம்.

பிளாட்டி குட்டி போட்டிருக்கிறது. மகள் தினம் எண்ணுகிறாள், இப்போது எண்ணிக்கை குறைவதில்லை.

போன ஞாயிறு சாப்பாடு வாங்க அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒரு குட்டி மீனைக் காட்டினார். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அங்கிள், யே கித்னா படா ஹோகா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார்.