ஒற்றர் தலைவனை ஒற்றுவோர் யார்?

கடவுச்சீட்டு வேண்டிக் கடலூர் இளைஞன் ஒருவன் விண்ணப்பித்தால், அவன் யார், எவ்வூரான், எத்தன்மையன், அவன்மேல் வழக்கேதும் உண்டா என்று காவல்துறை உசாவி எழுதிய பின்னரே அச்சீட்டு அவன் கைக்கு வந்து சேரும். சிதம்பரத்துப் பெண்ணொருத்தி அரசுப்பணிக்குத் தேர்வு பெற்றாலும் அவ்வாறே அவள் முன்வாழ்வு துருவப்பெறும். தமிழுக்கென ஒரு கூட்டம் கூட்டினால், மேடைக்கு ஓரத்தே குறிப்பேடும் கையுமாகத் தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இவ்வளவும் இந்நாட்டில் இயல்பெனவே கொள்ளப்பட்டுவிட்டது. ஆனால், இத்தனை பேரையும் துருவுகின்ற துறைக்குத் தலைவனாக வருகின்றவன் யார், அவன் முன்வாழ்வு எத்தகையது, அவன் கூறிக்கொள்ளும் தகுதிகள் மெய்யா பொய்யா என்று வெளிப்படையாக வினவுதற்கு இந்தியப் பெருநிலத்தில் ஒரு மன்றமேனும் உண்டா? இல்லை! குடிமகனைக் குடைந்து குடைந்து பார்க்கும் அரசு, தன் ஒற்றர் தலைவனைக் குடிமக்கள் ஏறெடுத்துப் பார்க்கவும் விடுவதில்லை.

இது பிற நாடுகளில் எவ்வாறு நடக்கின்றது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2019 சூலை 28ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தொனால்டு திரம்பு, அந்நாட்டு உளவு அமைப்புகள் அனைத்துக்கும் மேலான இயக்குநர் பொறுப்புக்குச் சான் இரேட்கிளிப்பு என்பாரை முன்மொழியப் போவதாக அறிவித்தார். இரேட்கிளிப்பு ஒரு வழக்கறிஞர். தெக்சாசு மாநிலத்தின் ஈத்து என்னும் சிற்றூர் நகரத் தலைவராக 2004 முதல் 2012 வரை இருந்தவர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் அம்மாநிலக் கிழக்கு மாவட்டத்தில் நடுவணரசின் வழக்கறிஞராகச் சில திங்கள் பணியாற்றியவர். 2015 முதல் பேராய உறுப்பினர். அமாசு இயக்கத்துக்குப் பணம் அனுப்பியோரைத் தண்டனைக்கு உள்ளாக்கியவர் தாமே என்று அவர் தம்மைப்பற்றிச் சொல்லி வந்தார். அமெரிக்க நாளிதழ்கள் உடனே பழைய வழக்கேடுகளைப் புரட்டின. அவ்வழக்கை நடத்தியோர் பட்டியலில் அவர் பெயரைக் காணவில்லை. முதல் உசாவல் முடிவின்றிப் போனது ஏன் என்று ஆராயவே அவர் அமர்த்தப்பட்டார் என்று அவர் தரப்பினர் விளக்கம் கூற நேர்ந்தது. அப்பொறுப்புக்கு வருவோர்க்கு நாட்டுப் பாதுகாப்பில் விரிந்த பட்டறிவு வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. அப்பட்டறிவு இவர்க்கு எங்கே என்னும் கேள்வியும் எழுந்தது. அறிவித்து ஐந்தே நாளில், ஆகத்து 2ஆம் நாள், அம்முன்மொழிவு கைவிடப்பட்டது.

கதை அங்கு முடியவில்லை. 2020 பிப்பிரவரியில் திரம்பு மீண்டும் அவரையே முன்மொழிந்தார். மே 5ஆம் நாள் மேலவையின் உளவுத்துறைக் குழு அவரை எதிரே அமர்த்தி வினவியது. மே 21ஆம் நாள் 49க்கு 44 என்னும் ஒப்போலைக் கணக்கில் அவர் அப்பொறுப்பை அடைந்தார். 2025 சனவரியில் நடுவண் உளவு முகமையின் தலைமைக்கும் 74க்கு 25 என்னும் கணக்கில் ஒப்புதல் பெற்றார்.

‘கடைசியில் அவரே வந்துவிட்டாரே! அவ்வாராய்ச்சியால் விளைந்த பயன் என்ன?’ என்று ஒருவர் வினவலாம். பயன் உண்டு. அவர் கூறிக்கொண்டது இன்னது, ஏடுகளில் கண்டது இன்னது என்பது எழுத்தாக நிலைத்துவிட்டது. ஆளுங்கட்சிக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்வீரா என்னும் கேள்விக்கு, மக்களின் பேராளர் முன்னிலையில் அவர் விடை கூறியாக வேண்டியிருந்தது. கூறிய விடைக்கு மாறாக நடப்பின், அவ்விடையையே எடுத்து அவர்முன் நீட்டலாம். ஒப்புதல் அளித்த 49 பேர் யார், மறுத்த 44 பேர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தவறான ஒருவர் வந்தாலும், அவரைக் கொணர்ந்தவர் இவரென்று சுட்டிக்காட்டக் கூடிய நிலை அங்கு உண்டு.

இதனால் அமெரிக்கா அறத்தின் உறைவிடம் என்று கொள்ளற்க. கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைப்பேச்சையும் படுக்கையறையையும் ஒட்டுக்கேட்ட நாடு அது. அக்கொடுமைகளை 1975இல் மேலவைக் குழுவொன்று தோண்டி எடுத்தது. அதன் பின்னரே, 1976இல், உளவுத்துறைக்கென நிலையான மேலவைக் குழு அமைந்தது. அந்நாட்டார் நல்லவராதலால் அவ்வேற்பாடு வந்திலது. ஒற்றர் கையில் பட்ட பாட்டினாலேயே வந்தது. அடிபட்டவன் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டான். அவனினும் மிகுதியாக அடிபட்ட தமிழன் இன்னும் கேட்கவில்லை.

இந்திய உளவுத்துறையின் பிறப்பை நோக்குக. 1887இல் வெள்ளையன் தன் ஆட்சிக்கு எதிராகத் தலைதூக்குவோரைக் கண்காணிக்க அமைத்த தனிப்பிரிவே இன்றைய உளவுத்துறைக்கு மூலம். அதனைத் தோற்றுவித்ததாக நாடாளுமன்றச் சட்டம் ஒன்றுகூட இல்லை. 1968இல் அமைந்த வெளிநாட்டு உளவு அமைப்புக்கும் அத்தகைய சட்டம் இல்லை. 1985இல் ஒரு சட்டம் வந்தது. அது அவ்வமைப்புகளின் பணியாளர் சங்கம் வைத்தலையும் இதழ்களிடம் பேசுதலையும் தடுக்க வந்ததே தவிர, மக்களைக் காக்க வந்ததன்று. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஊழலும் மாந்த உரிமை மீறலும் பற்றிய செய்திகள் நீங்கலாக, அவ்விரண்டுக்கும் விலக்களித்தது. தலைவனைத் தேர்வதோ, தலைமை அமைச்சரும் உள்துறை அமைச்சரும் அடங்கிய அமைச்சரவைக் குழு. கதவடைத்த அறையில் கையெழுத்து விழும். மறுநாள் நாளிதழில் பெயர் வரும். அவ்வளவே!

இத்துறையை இங்கு நட்ட வெள்ளையனோ, தன் நாட்டில் அதனைச் சட்டத்திற்கு உட்படுத்திவிட்டான். உள்நாட்டு உளவுக்கு 1989இலும் வெளிநாட்டு உளவுக்கு 1994இலும் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் அடங்கிய மேற்பார்வைக் குழுவும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அடிமை நாட்டுக்கெனச் செய்த சவுக்கை, ‘விடுதலை’ பெற்ற தில்லி இன்னும் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கின்றது! 2011இல் மனீசு திவாரி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், அவரும் ஒரு வழக்கறிஞரே, உளவு அமைப்புகளைச் சட்டத்தின்கீழ்க் கொணரும் தனியார் முன்வரைவு ஒன்றை அளித்தார். அது சட்டமாகவே இல்லை.

கடலூர் மண்ணுக்கு இவ்வொற்றாட்சி புதியதன்று. புதுச்சேரியில் பத்தாண்டு அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், 1918 நவம்பர் 20ஆம் நாள் எல்லை கடந்து வந்தபோது கடலூர் அருகே பிடிபட்டார். கடலூர்ச் சிறையில் அடைபட்டார். வடமொழிக் கலப்பிலும் ஆரியப் பற்றிலும் அவரோடு தனித்தமிழார்க்கு ஒவ்வாமை உண்டு. ஆயினும், தமிழ்ப் பாவலன் ஒருவன், இனித் தான் எழுதுவதையும் பேசுவதையும் வெளியிடுமுன் உளவுக் காவல்துறை அலுவலரிடம் காட்டி இசைவு பெற வேண்டும் என்னும் கட்டுக்கு உட்பட்டே அச்சிறையினின்று வெளிவந்தான் என்பதை எத்தமிழனும் மறத்தலாகாது. அவ்வலுவலரை அப்பொறுப்பில் அமர்த்தியவர் யார் என்று வினவும் வாய் அன்று தமிழனுக்கு இல்லை. இன்று மட்டும் உண்டா?

அவ்விடுதலைக்காக அன்னி பெசண்டு அம்மையாரொடு பரிந்து பேசியவருள் ஒருவர், சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் சி. பி. இராமசாமி ஐயர். உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர் என்று அன்று அவரை எவரும் புகழ்ந்திருப்பர். அவரே 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக வீற்றிருந்தார். 1946இல் புன்னப்புரா, வயலார் என்னும் ஊர்களில் எழுந்த உழைப்பாளர் கிளர்ச்சி அவர் ஆட்சியில்தான் துமுக்கிக் குண்டுகளால் ஒடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அமர்ந்தார். வழக்கறிஞர் என்னும் கருப்பு அங்கி எதற்கும் பிணையாகாது என்பதற்கு இவ்வொரு வாழ்வே போதும். ஒருவனின் பட்டத்தைப் பார்த்து மயங்காமல், அவன் ஆணைவலி கையிலிருந்தபோது என்ன செய்தான் என்று பார்த்தலே ஆராய்ச்சியாகும்.

1965 சனவரி 27ஆம் நாள் அதே சிதம்பரத்தில் நடந்ததைத் தமிழ்கூறும் உலகம் அறியும். இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரை நோக்கிக் காவல்துறை சுட்டது. மாணவன் இராசேந்திரன் குண்டடிபட்டு மாய்ந்தான். அன்று தமிழகத்தின் முதலமைச்சர் பக்தவத்சலம்; அவரும் வழக்கறிஞர்க்குப் பயின்று அத்தொழில் புரிந்தவரே! 1959இல் தொடங்கிக் கடலூரிலிருந்து கிளர்ந்த ‘தென்மொழி’யின் ஆசிரியர் பாவலரேறு பெருஞ்சித்திரனார், அப்போராட்டக் காலத்தில் எழுதிய எழுத்துக்காகவே சிறை புகுந்தார். எழுதியவன் சிறையில், படித்தவன் மண்ணில். அவர்களைப்பற்றி ஒற்றர் எழுதி அனுப்பிய குறிப்புகள் எவை? அவற்றுள் மெய் எவ்வளவு, புனைவு எவ்வளவு? அறுபது ஆண்டு கடந்தும் அவ்வேடுகளைத் தமிழ் மக்கள்முன் விரித்துவைக்க எவ்வரசும் முன்வரவில்லை.

1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் நடந்ததும் இதுவே. 1976 சனவரி 31ஆம் நாள் தமிழக அரசு கலைக்கப்பட்டது. 1977இல் அமைந்த சா ஆணையம், ஆள்வோரின் தன்னலத்துக்கு உளவு அமைப்பும் புலனாய்வு அமைப்பும் கருவிகளாக வளைந்ததை எடுத்துக்காட்டியது. வளைந்த கருவியை நிமிர்த்தச் சட்டம் வந்ததா? வரவில்லை.

‘தமிழர் ஒருவர் அப்பொறுப்புக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சிலர் மகிழ்வர். தமிழகத்தில் பிறந்த இராசேசுவர் 1980களின் தொடக்கத்தில் உளவுத்துறைத் தலைவராக இருந்தவரே. அதனால் தமிழ் இயக்கங்களைத் துருவும் முறை மாறியதா? ஆள் மாறுவதால் முறை மாறாது. கேட்பாரற்ற பொறுப்பில் எவர் அமர்ந்தாலும், அமர்த்திய கைக்கே அவர் நன்றி பாராட்டுவார்.

‘உளவு என்பது கமுக்கம், அதனை அம்பலத்தில் ஆராயலாமா?’ என்பது தில்லியார் வழக்கமாகக் கூறும் சாக்கு. ஒற்றன் எங்கு நிற்கின்றான், எவனைப் பின்தொடர்கின்றான் என்று எவரும் கேட்கவில்லை. ஒற்றர் தலைவன் பொய்யனா, கைக்கூலியா, கட்சி ஏவலனா என்பதே கேள்வி. செயல் மறைவாக இருக்கலாம்; செய்பவன் ஒழுக்கம் மறைவாக இருத்தல் கூடாது. மறைவில் வேலை செய்பவனுக்கு மற்றையோரினும் மிகுந்த நாணயம் வேண்டும். ஏனெனில் அவன் பிழைகளைக் காணப் பிறிதொரு கண் இல்லை.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே வள்ளுவப் பேராசான் இதனைத் தெளிவுபட வகுத்துவிட்டார். ‘தெரிந்து தெளிதல்’ என்றும் ‘தெரிந்து வினையாடல்’ என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்து, ஆராயாது ஒருவனை நம்புதல் தன் வழிமுறையினரையும் துன்பத்தில் ஆழ்த்தும் என்றார். ‘ஒற்றாடல்’ என்னும் 59ஆம் அதிகாரத்திலோ, ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபின்னரே தெளிய வேண்டும் என்றும் கூறினார். ஒற்றன் சொல்லையே மும்முறை உரைத்துப் பார்க்கச் சொன்ன தமிழினத்தை, ஒற்றர் தலைவனை ஒருமுறையும் உரைத்துப் பாராத அரசு ஆள்கின்றது!

எனவே தமிழர் வேண்டுவன இவை: உளவு அமைப்புகள் நாடாளுமன்றச் சட்டத்திற்கு உட்பட வேண்டும். அவற்றின் தலைமைக்கு முன்மொழியப்படுவோர், எல்லாத் தேசிய இன மக்களின் பேராளரும் அடங்கிய குழுவின்முன் உறுதிமொழி கூறித் தம் முன்வாழ்வை வெளிப்படுத்த வேண்டும். 1965ஆம் ஆண்டின் சிதம்பரம், கடலூர் பற்றிய ஒற்றேடுகள் திறக்கப்பட வேண்டும்.

நடுவண் உளவு அமைப்பு நடுவணரசின் பட்டியலில் உள்ளதெனத் தமிழக ஆட்சியாளர் கைகழுவலாம். காவல்துறையோ மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக வருவோரைச் சட்டமன்றக் குழுவொன்று ஆராய வேண்டுமெனச் சட்டம் இயற்றத் தில்லியின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1967 முதல் தமிழின் பெயர் சொல்லியே கோட்டைக்குச் சென்ற கட்சிகள் இதனை ஏன் செய்யவில்லை? எதிர்க்கட்சியாக இருந்தபோது ஒற்றரால் அலைக்கழிக்கப்பட்டவர்கள், ஆளுங்கட்சியானதும் அதே ஒற்றர் நாள்தோறும் கொணரும் குறிப்பின் சுவைக்கு அடிமையாகிவிட்டனர். அதுவே காரணம்.

அடுத்த தேர்தலில் ஒப்போலை கேட்டு வருவோரிடம் கடலூர்த் தமிழனும் சிதம்பரத்துத் தமிழனும் இவ்வொரு கேள்வியைக் கேட்கட்டும்: ‘எங்களைத் துருவுகின்றவனைத் துருவும் உரிமையை எங்கட்குத் தருவீரா?’ விடை கூறத் தயங்குவோன் எக்கொடி பிடித்து வந்தாலும், அவன் தில்லியின் ஆளே என்று தெளிக!