தாழ்வாரம் தந்த வீதி

புதுச்சேரி வீதிகளின் நேர்த்திக்கு எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களைத்தான் பாராட்டுகிறார்கள். தொடங்கி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்ததும் குறுக்கும் நெடுக்குமாக வீதிகள் போகும்படி வரைபடம் தயாரித்தார்கள். 1699-இல் ஊர் கைக்குத் திரும்பியபோது பிரெஞ்சுக்காரர்கள் அதையே வளர்த்தெடுத்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகும் பழைய வீதிகளின் தடத்திலேயே ஊர் எழுந்தது. இன்று நகரைச் சுற்றி வரும் அண்ணா சாலை, சுப்பையா சாலை, பட்டேல் சாலை எல்லாம் பழைய மதிலின் தடத்தை ஒட்டியவை.

ஆக, இந்த வீதிகளின் அகலம் என்றோ முடிவாகிவிட்டது. இடித்து அகலப்படுத்தினால் அது புதுச்சேரியாக இருக்காது. இருக்கும் அகலத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

பங்கிடத் தெரியாத ஊர் அல்ல இது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியின் பழைய வீடுகளைப் பாருங்கள். உள்ளே திண்ணை, அதற்கும் வெளியே, மரத்தூண்களின் மேல் சாய்ந்து இறங்கும் தாழ்வாரம். வெயிலில் வருகிற யாரோ ஒருவர் நிழலில் நடக்கட்டும் என்று வீட்டுக்காரர் தன் செலவில் போட்ட கூரை அது. வைசியாள் வீதியில் இவற்றைப் புதுப்பித்ததற்காகத்தான் 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. வீடு வீதிக்குக் கொடுத்த காலம் அது. இப்போது வாசல் சரிவு, ஜெனரேட்டர், விளம்பரப் பலகை என்று வீதியிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடைபாதையில் இடமில்லாத பாட்டி, வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார்.

நேரு வீதி நெரிசலுக்கு வார இறுதிச் சுற்றுலாப் பயணிகளையும், ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தையையும் குறை சொல்வது எளிது. ஆனால் சாதாரண நாள் காலையில், வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே கடைவாசல்கள் இருசக்கர வண்டிகளால் நிறைந்துவிடுகின்றன. அவை கடைக்காரர்களுடையவை, ஊழியர்களுடையவை, அதாவது நம்முடையவை. மாலை வரை அவை நகர்வதில்லை. தெருவோரம் பூ விற்கும் பெண்ணை விரட்டுவதற்கு முன் இதைப் பேச வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கும் வீதியில் உரிமை தந்திருக்கிறது.

அமெரிக்காவின் சவானா நகரமும் 1733-இல் இப்படிக் கட்டம் கட்டமாக, நடுவே சதுக்கங்கள் விட்டு அமைக்கப்பட்டது. 1954-இல் அங்கே எல்லிஸ் சதுக்கத்துச் சந்தையை இடித்து வாகன நிறுத்தக் கட்டடம் எழுப்பினார்கள். தவறு என்று உணர்ந்து அதை அகற்றி, வாகனங்களை நிலத்தடிக்கு அனுப்பி, 2010-இல் சதுக்கத்தை மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. நம் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகள் போவதில்லை. அதனால் ஊர் முடங்கவில்லை. குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், முதியோர் கைவீசி நடக்கிறார்கள்.

காவல்துறை அபராதம் போட்டு மட்டும் வீதி நெரிசலைச் சரிசெய்ய முடியாது. பேசித் தீர்க்க வேண்டிய வார்டு உறுப்பினரும் நமக்கு இல்லை. 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போகிறது. தேர்தலைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை ஒவ்வொரு வீதிக்காரரும் கூடிப் பேசுவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

கடை ஊழியர்களின் வண்டிகளை அண்ணா சாலைப் பக்கம் நிறுத்த நகராட்சி இடம் ஒதுக்கட்டும். அங்கிருந்து கடற்கரைக்கே ஏறத்தாழ இருபது நிமிட நடைதான். சரக்கு இறக்குவதைக் காலை எட்டு மணிக்குள் வியாபாரிகள் முடித்துக்கொள்ளட்டும். டெம்போக்காரர்கள் சந்தி முனையில் ஆள் ஏற்றாமல் சற்றுத் தள்ளி நிறுத்தட்டும். வீட்டுக்காரர்கள் வாசல் சரிவை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். எல்லா வீதிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நேரு வீதியில் மூன்று மாதம் செய்து பார்ப்போம். முதல் கூட்டத்தை அந்த வீதி வியாபாரிகளே கூட்டட்டும்.