முகத்திரையும் அரசின் கையும்



பெண்ணே, முகத்தை மூடு என்கிறான் ஒருவன். முகத்தைத் திற என்கிறான் மற்றொருவன். மூடவும் திறக்கவும் உரியவளாகிய அவளை இருவருமே கேட்பதில்லை. முசுலிம் பெண்டிர் பொதுவிடங்களில் முகத்திரை அணிவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்னும் முழக்கம் பிரான்சில் எழுந்தது; இலங்கையில் எதிரொலித்தது; இன்று நம்மவருள் சிலர் நாவிலும் ஏறியிருக்கின்றது. "அஃது அரபு நாட்டு உடை, தமிழ் மண்ணுக்கு ஒவ்வாதது, ஆகவே தடுத்திடுக" என்கின்றனர். தனித்தமிழ் பேசும் வாயிலிருந்து இச்சொல் வருவதால்தான் இதனை எழுத நேர்ந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். முகத்திரை வழக்கத்தை யாம் போற்றவில்லை. பெண்ணின் முகம் ஆடவன் அறத்தைக் கெடுத்துவிடும் என்றால், திரையிட வேண்டியது ஆடவன் கண்ணுக்கேயன்றிப் பெண்ணின் முகத்துக்கன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முசுலிம் தாய்மார் சேலை உடுத்து, அதன்மேல் வெண்ணிறத் துப்பட்டி போர்த்து வாழ்ந்தவர்கள். வளைகுடா நாட்டுப் பணத்தோடும் பழக்கத்தோடும் பின்னாளில் பரவிய கரிய அங்கியே இசுலாம் என்று சொல்வாரை அச்சமயத்தாரே மறுத்து வருகின்றனர். அந்த உரையாட்டு நடக்கட்டும், நன்றே. ஆனால், வழக்கம் நன்றன்று என்பது வேறு. அதை அணிந்தவளைக் காவலன் பிடிக்கலாம் என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்புவதே இன்றைய சூழ்ச்சி.

பிரான்சு நாடு 2010 அக்குதோபர் 11-இல் இத்தடைச் சட்டத்தை இயற்றியது; அது 2011 ஏப்பிரல் 11-இல் நடைமுறைக்கு வந்தது. முகம் மூடிய பெண்ணுக்கு 150 யூரோ வரை தண்டம். பெண்ணை விடுவிக்க வந்த சட்டம், அப்பெண்ணிடமே தண்டம் வாங்குகின்றது! மூடும்படி வற்புறுத்தும் ஆடவனுக்கும் சிறையும் பெருந்தண்டமும் அச்சட்டத்தில் உண்டு. ஆனால், தெருவில் செல்லும் அவளைப் பிடிப்பது எளிது. வீட்டினுள் வற்புறுத்தும் அவனைப் பிடிப்பது அரிது. உண்மையிலேயே வற்புறுத்தப்பட்ட பெண்ணுக்கு விளைவது என்ன? நேற்றுவரை திரையோடாவது கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் வந்தவளுக்கு இன்று வாசலும் அடைபட்டது. திரை போயிற்று, சுவர் வந்தது.

ஈரானைப் பாருங்கள். 1936-இல் இரேசா சா மன்னன் திரையையும் முக்காட்டையும் தடை செய்தான். காவலர் தெருவிலே பெண்களின் போர்வையைப் பறித்தனர். பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறாமலே முடங்கினர். பின்னர் 1979-இல் ஆட்சி மாறிற்று. 1983-இல் முக்காடு இடாமை குற்றம் என்று சட்டமே வந்தது. அச்சட்டத்தின் பெயரால் பிடிக்கப்பட்ட மாசா அமினி என்னும் 22 அகவை இளம்பெண் 2022 செபுதம்பர் 16-இல் உயிரிழந்தாள். நாடு ஒன்றே. முதலில் எடு என்றது அரசு. பிறகு போடு என்றது அரசு. ஆணை மாறியது, பெண்ணின் உடைமேல் வைத்த கை மாறவில்லை. அக்கையை எடுக்கச் சொல்வதே பெண்ணுரிமை.

"நாட்டின் பாதுகாப்புக்காக" என்பர். அவ்வுரையை ஈழத்தில் வைத்து ஆராய்வோம். 2019 ஏப்பிரல் 21-இல் இலங்கைத் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் தமிழ்க் குழந்தைகளும் மடிந்தனர். அக்கொடுமைக்கு மன்னிப்பே இல்லை. ஆனால், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு சுமந்து சென்றோர் ஆடவர். பை தோளில் தொங்க, திறந்த முகத்தோடு அவர்கள் நடந்து சென்றதைப் படக்கருவிகளே காட்டின. எட்டே நாளில், ஏப்பிரல் 29-இல், முகம் மறைக்கும் உடைக்கு நெருக்கடிநிலை விதிகளால் தடை வந்தது. குண்டு வைத்தவன் முகம் திறந்திருந்தான். தண்டனை குண்டு வைக்காதவளின் முகத்துக்கு!

அதன் பின் நடந்ததையும் காண்க. 2020-இல் மகுடைத் தொற்றால் இறந்த முசுலிம்களின் உடல்களை, அவர்தம் சமய முறைக்கு மாறாக, எரித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது சிங்கள அரசு. 2021 பிப்பிரவரி இறுதியில்தான் புதைக்க இசைந்தது. அடுத்த திங்களே, முகத்திரையை நிலையாகத் தடுக்கும் அமைச்சரவைத் தாளில் கையொப்பமிட்டதாக அமைச்சர் சரத் வீரசேகர அறிவித்தார். ஏப்பிரலில் அமைச்சரவையும் ஒப்புதல் தந்தது. உலகெங்கும் அரசுகள் முகத்தை மூடாதார்க்குத் தண்டம் விதித்துக்கொண்டிருந்த காலம் அது! மூடிய முகம் அச்சம் தருவதாயின், அன்று நாடு முழுதும் அச்சத்தில் உறைந்திருக்க வேண்டுமே? ஆகவே, துணியன்று அவர்களுக்குச் சிக்கல். துணிக்குள் இருக்கும் இனமே சிக்கல்.

இச்செய்தியில் நமக்கென்ன என்று கேட்பவர், 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றவனும் இவ்வாறே தொடங்கினான் என்பதை மறந்தவர். ஒரு மக்களின் நாவைக் கட்டிய கையே மற்றொரு மக்களின் உடையைக் களைகின்றது. கசப்பாயினும் இன்னோர் உண்மையும் சொல்லியாக வேண்டும். 1990 அக்குதோபரில் வட மாநிலத்து முசுலிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல், தமிழ் பேசும் அம்மக்கள், விடுதலைப்புலிகளால் மிகக் குறுகிய கெடுவில் வெளியேற்றப்பட்டனர். அது தமிழர் வரலாற்றில் படிந்த கறை. அக்கறை நம்மேல் இருக்கையில், அம்மக்களின் பெண்டிர் மீது சிங்களவன் வீசும் கல்லுக்கு நாம் கைதட்டலாமா?

அடையாளம் காண வேண்டிய இடத்தில் முகம் காண்பது முறையே. அதனை மறுப்பார் இல்லை. தேர்தல் பட்டியலில் முசுலிம் பெண்டிரின் முகப்படம் இடம்பெறலாம் என்று 2006-இல் சென்னை உயர்முறைமன்றம் தீர்ப்புரைத்தது. ஒப்போலைச் சாவடியில் பெண் அலுவலர் மறைவாக முகம் பார்த்து உறுதி செய்யும் வழக்கமும் உண்டு. தேவை எங்கோ அங்கே, தேவை எவ்வளவோ அவ்வளவே. தெருவில் காய்கறி வாங்கும் பெண்ணை எதற்காக அடையாளம் காண வேண்டும்?

தடை கேட்போர் முகத்திரையோடு நிற்கவும் இல்லை. கருநாடக மாநிலம் உடுப்பியில் எழுந்த பூசல் முகத்திரை பற்றியதன்று. முகம் திறந்து முக்காடு மட்டும் இட்ட மாணவியரைப் பற்றியது. 2022 மார்ச்சு 15-இல் கருநாடக உயர்முறைமன்றம் அத்தடையை ஏற்றது. அக்குதோபர் 13-இல் உச்ச முறைமன்றத்தின் நடுவர் இருவரும் ஒருவர்க்கொருவர் மாறாகத் தீர்ப்பளித்தனர். அவருள் ஒருவர் பெண்பிள்ளையின் கல்வியையே முதன்மையாகக் கொண்டு தடையை மறுத்தார். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த ஆசிரியன் என்னும் முறையில் சொல்கிறேன்: பள்ளி வாயிலில் தடுக்கப்பட்ட பெண்ணுக்கு எந்தத் தமிழும் சென்று சேராது. 2022 பிப்பிரவரி 19-இல் மதுரை மாவட்டம் மேலூரில், முக்காடிட்டு வந்த பெண்ணை ஒப்போலை இடவிடாது ஒரு கட்சி முகவர் தடுத்தார். பிற கட்சி முகவர்கள் ஒன்றுபட்டு எதிர்த்தனர். வெளியேற்றப்பட்டவர் அந்த முகவரே. அது தமிழ்நாடு! அப்பெருமையைக் காப்பது நம் கடன்.

இனி, "அயல் உடை" என்னும் கூற்றுக்கு வருவோம். அயலுடையைச் சட்டத்தால் ஒழிப்பதெனில், நம் வழக்குரைஞர் வெயிலில் வேர்த்து ஒழுக அணியும் கரிய அங்கி எந்தத் தமிழூரில் நெய்தது? திருமண மேடையில் மாப்பிள்ளை இறுக்கிக்கொள்ளும் கழுத்துப்பட்டை எந்தச் சங்கப்பாட்டில் உள்ளது? காஞ்சிப் பட்டுத்தறி ஓய்ந்து கிடக்க, ஆங்கிலேயன் உடுப்பைச் சிறப்பென்று அணிபவன், ஏழை முசுலிம் பெண்ணின் துணியில் மட்டும் அயன்மை காண்கிறானே, அது மொழிப்பற்றா, வேறொருவன் ஊட்டிய வெறியா?

அயன்மை பேசுவோர் சொல்லையும் எண்ணிப் பார்க்கட்டும். தமிழ் முசுலிம் தொழுகை என்கிறான், நோன்பு என்கிறான், பள்ளிவாசல் என்கிறான், பெருநாள் என்கிறான். அத்தனையும் தூய தமிழ்! நம் வீடுகளிலோ பூசை, விரதம், அர்ச்சனை, பண்டிகை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அயலாரா? 1949-இல் அரசியலமைப்பு அவையில் ஆட்சிமொழி பற்றிய வழக்கெழுந்தபோது தமிழின் தொன்மையை எடுத்துரைத்த கண்ணியமிகு காயிதே மில்லத் அயலாரா? மொழியால் நம்மவரை உடையால் பிறராக்குவது எவனுக்கு ஊதியம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பெண்ணின் உடைமேல் அரசு கைவைப்பது என்னவென்று தமிழர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில் நம் நாடார் குலப் பெண்கள் தோளை மூடக் கூடாதென்று தடுக்கப்பட்டனர், சேலை கிழிக்கப்பட்டனர். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859-இல்தான் மறைத்துக்கொள்ளும் உரிமை அரசாணையாக வந்தது. அதுவும் மேற்குலப் பெண்டிர் போல் அணியலாகாது என்னும் வரம்போடு! "மூடாதே" என்ற ஆணையின் கொடுமையை உடலில் பட்டறிந்த இனம், அவ்வாணையைப் பிறர் மகள்மேல் ஏவத் துடிக்கலாமா?

எம் ஓரிக்கையின் பெயர்க்கு வழங்கும் கதையொன்றுண்டு. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். மாணவன் போகவே ஆசிரியர் திருமழிசையாழ்வாரும் போனார். அவர் அழைக்க, திருவெஃகாவில் கிடந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அம்மூவரும் ஓரிரவு தங்கியமையால் இவ்வூர் ஓரிரவிருக்கை ஆயிற்று; அதுவே ஓரிக்கை. காஞ்சி இருண்டது, மன்னன் பணிந்தான். கதையென்றே கொள்க. ஒருவனை வெளியேற்றினால் அவனோடு ஊரின் ஒளியும் போகும் என்று கண்ட தமிழன் கட்டிய கதை அது.

ஆகவே, தமிழன்பர் செய்யத்தக்கது இது. முசுலிம் பெண்பிள்ளைகள் பள்ளியிறுதியோடு நின்றுவிடாமல் கல்லூரி செல்லத் துணைநில்லுங்கள். திரையணியும்படி தந்தையோ கணவனோ வற்புறுத்தினால் எதிர்க்கும் பெண்ணுக்கு அரணாகுங்கள். விரும்பி அணிபவளோடு சொல்லால் வாதிடுங்கள். அவள் மறுமொழியையும் கேளுங்கள். தடையெனக் கூவி வருவோன் எக்கொடி ஏந்தினும் அவனை மறுத்துரையுங்கள். தண்டத்துக்கு அஞ்சித் திறந்த முகம் விடுதலை பெற்ற முகமன்று. தானே எண்ணித் தானே திறக்கும் முகத்துக்கே தமிழ்மண் காத்திருக்கட்டும். அதுவரை அவள் முகத்தருகே எவன் கையும் நீளாதிருக்கட்டும்!