டி.வி.யில் பேய் வீடு

பேய்க் கதை கேட்பதற்குத் தமிழனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. புளியமரமும் பாழுங்கிணறும் சுடுகாட்டு ஓடையும் இல்லாத ஊர் கிடையாது. பாட்டி சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, இருட்டில் கொல்லைப்புறம் போகப் பயந்த பிள்ளைகள்தான் வளர்ந்து ஆளாகி, இன்று மும்பையில் கம்பெனிகளிலும் கடைகளிலும் ரெயில்வேயிலும் வேலை பார்க்கிறார்கள். ஆகவே, வேலை முடிந்து அலுத்து வந்தவர் இரவில் ஒரு பேய்த் தொடர் பார்த்தால் அதைக் கண்டு முகம் சுளிப்பதில் நியாயமில்லை. பயப்படுவதிலும் ஒரு சுகம் உண்டு.

ஆனால், டி.வி.யில் வரும் பேய்க் கதைகளில் ஒரு ரகம் தனியாகக் கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பம் புதிய வீட்டுக்குக் குடிபோகிறது. வீடு பெரிது, விலையோ வாடகையோ மிகவும் குறைவு. முதல் நாள் இரவே கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சின்னக் குழந்தை மட்டும் மூலையைப் பார்த்து யாருடனோ பேசும். மனைவி சொல்வாள், கணவன் நம்ப மாட்டான். கடைசியில் மந்திரவாதியோ பாதிரியாரோ வந்து, அந்த வீட்டில் முன்பு நடந்த கொலையைக் கண்டுபிடிப்பார். இந்தியில் வந்தாலும் தமிழில் வந்தாலும் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் கதை இதுதான். பார்ப்பவருக்கும் இது தெரியும். தெரிந்தும் பார்க்கிறார்.

இந்தியாவில் இதற்குக் கடை விரித்த ஊர் மும்பைதான். பழைய பங்களா, கிறீச்சிடும் கதவு என்று படமெடுத்துப் பிழைத்த ராம்ஸே சகோதரர்கள், 1993ஆம் ஆண்டில் ஜீ டி.வி.யில் 'ஜீ ஹாரர் ஷோ'வைத் தொடங்கினார்கள். 1995இல் சோனியில் 'ஆஹட்' வந்தது. அதே பத்தாண்டுகளில் தமிழ் வீடுகளை 'மர்மதேசம்' கட்டிப்போட்டது. இவற்றைப் பார்த்தவர்களுக்கு இது கதை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. நடிகர் பெயரும் டைரக்டர் பெயரும் ஓடின. காலையில் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள்.

பிறகுதான் 'உண்மைச் சம்பவம்' என்ற சொல் நுழைந்தது. 2012இல் ஜீ டி.வி. தொடங்கிய 'ஃபியர் ஃபைல்ஸ்' தொடரின் துணைத் தலைப்பே 'அச்சத்தின் உண்மைப் படங்கள்' என்று பொருள்படும். இப்போது கைபேசியில் வரும் துண்டுப் படங்களில் அந்த மரியாதையும் இல்லை. எடுத்தவர் யார், நடித்தவர் யார் என்ற விவரமே கிடையாது. 'இது இந்த ஊரில் இந்தத் தெருவில் நடந்தது' என்று ஒரு குரல் சொல்கிறது. கேட்பவர் நம்புகிறார். தகராறு தொடங்குவது இங்கேதான்.

'உண்மைச் சம்பவம்' என்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? இந்த ரகக் கதைகளில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள அமிட்டிவில் வீடு. 1974 நவம்பரில் அந்த வீட்டில் ஒரு வாலிபன் தாய், தகப்பன், உடன்பிறந்தவர் நால்வர் ஆக ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். அது உண்மை, கோர்ட்டில் நிரூபணமானது. 1975 டிசம்பரில் இன்னொரு குடும்பம் அங்கே குடியேறி, 28 நாளில் வெளியேறியது. பேய் விரட்டியது என்றார்கள். 1977இல் புத்தகம், 1979இல் சினிமா, அதன் பிறகு கணக்கில்லாத படங்கள். கொலைகாரனின் வக்கீலோ, அந்தக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து மது பாட்டில்களைக் காலி செய்துகொண்டே கதையைக் கட்டியதாகப் பின்னால் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்து அந்த வீட்டை வாங்கியவர்களுக்குப் பேய்த் தொல்லை எதுவும் இல்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் வேளை கெட்ட வேளையில் வீட்டைப் பார்க்க வந்த கூட்டம்தான். அவர்கள் புத்தகக்காரர்கள் மேல் வழக்குப் போட வேண்டியதாயிற்று. இந்தப் பகுதியை எந்த சேனலும் தொடராக எடுக்கக் காணோம்.

அதற்காக, வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று தள்ளிவிடவும் கூடாது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வெளிவந்தது. பல வருஷங்களாக ஆள் குடியிராத பழைய பெரிய வீட்டுக்கு அவர்கள் 1912இல் குடிவந்தார்கள். தலைவலி விடவில்லை. குழந்தைகள் வெளுத்துச் சோர்ந்தார்கள். இரவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, உருவங்கள் தெரிந்தன. தொட்டிச் செடிகள்கூடப் பட்டுப்போயின. பரிசோதித்துப் பார்த்தபோது, வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியே போக வேண்டிய நச்சு வாயு அறைகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது தெரிந்தது. கார்பன் மோனாக்சைடு என்னும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலையைச் சரி செய்ததும் பேயும் போயிற்று.

இது தொலைதூரக் கதை அல்ல. சன்னல் இல்லாத குளியலறையில் காஸ் கீசர் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக் குளித்தவர்கள் மயங்கி இறந்த செய்தி மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அடிக்கடி வருகிறது. டில்லிப் பக்கம் குளிர் மாதங்களில், மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்பதும் வருஷா வருஷம் வரும் செய்தி. புது வாடகை வீட்டில் குளித்து வந்த மகளுக்குத் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, யாரோ நிற்பது போலிருக்கிறது என்றால், அந்த வீட்டில் முன்பு செத்தவர் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போகிறார்கள். கீசரின் புகை எங்கே போகிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. டி.வி. கற்றுக்கொடுத்த விசாரணை அது.

இன்னொன்று இடப் பிரச்சினை. தொடரில் வரும் குடும்பத்துக்கு மாடியும் நிலவறையும் எட்டு அறையும் இருக்கும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் பேய் நிற்பதற்குத்தான் இடம் ஏது என்று வேடிக்கையாகக் கேட்கலாம். ஆனால், ஒரே அறை என்பதால், அப்பா பார்க்கும் படம் எல்லாரும் பார்க்கும் படமாகிறது. 'நீ போய்த் தூங்கு' என்று குழந்தையை அனுப்ப அடுத்த அறை இல்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாலும் சத்தம் கேட்கும். பொதுக் கழிப்பறைக்கு நடைபாதை இருட்டில் போக வேண்டிய பிள்ளை, அன்றிரவு போகாமல் அடக்கிக்கொண்டு படுக்கும்.

குழந்தையின் பயம் சிரிப்புக்குரிய விஷயமல்ல. பிரிட்டனில் 1992 அக்டோபர் 31 இரவு பி.பி.சி. 'கோஸ்ட்வாட்ச்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஒரு தாயும் இரு பெண்களும் வாழும் சாதாரண வீட்டில் பேய் இருக்கிறதா என்று நேரடியாகக் காட்டுவதுபோல் எடுத்த நாடகம் அது. மக்கள் நன்கறிந்த அறிவிப்பாளர்களே தோன்றியதால், செய்தி என்று எண்ணிப் பலர் பதறினார்கள். பி.பி.சி.க்கு ஆயிரக்கணக்கில் டெலிபோன்கள் வந்தன. அதைப் பார்த்துப் பயந்து மன அதிர்ச்சி நோய்க்கு ஆளான பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி 1994இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டாக்டர்கள் எழுதினார்கள். பி.பி.சி. அந்த நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்பவில்லை.

மும்பைத் தமிழர் குடியிருப்புகளில் நேரும் கெடுதல் வேறு உருவத்தில் வருகிறது. பங்களாவில் பேய் வீட்டைப் பிடிக்கும். சாலில் அது ஆளைப் பிடிக்கும். அந்த ஆள் பெரும்பாலும் ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணாக இருக்கிறாள். பாஷை தெரியாது, பேச்சுத் துணை இல்லை, கணவன் இரவு ஷிப்டு. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், தூக்கத்தில் அலறினால், 'காத்து கருப்பு அடித்துவிட்டது' என்று தீர்ப்பாகிவிடும். டாக்டரிடம் போக வேண்டிய பணம் கோடாங்கிக்கோ பாபாவுக்கோ போகிறது. அவர்கள் செய்வதும் தொடரில் பார்த்ததுதான்: வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை, கயிற்றால் கட்டுதல்.

மகாராஷ்டிரத்தில் இது குற்றம். மூடநம்பிக்கைக்கு எதிராகப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த சட்டம் அதன் பிறகே அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் சட்டசபையில் நிறைவேறியது. பேயோட்டுகிறேன் என்று கட்டி வைப்பதும், அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் முதலாவதாக இருக்கின்றன. தண்டனை 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். பூசாரிக்குச் சட்டம் தெரியாமலிருக்கலாம். அழைத்து வருகிற மாமனாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பேயோட்டுபவனைப் பிடிக்கச் சட்டம் போட்ட நாட்டில், அவனுக்கு விளம்பரம் தரும் நிகழ்ச்சிகளைக் கேட்பார் இல்லையா? விதி இருக்கிறது. மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் டி.வி. விதிகள் சொல்கின்றன. குழந்தைகளுக்கு ஒவ்வாததை அவர்கள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் காட்டக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. முதலில் ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று சேனல்கள் நினைக்கின்றன. தமிழ்ச் சேனல்களும் இதில் சளைத்தவை அல்ல. மாலை நேரக் குடும்பத் தொடரிலேயே பேயையும் பாம்பையும் ஏற்றி விடுகின்றன.

கதையைக் கதை என்று சொல்லிக் காட்டட்டும். நேரம் தாழ்த்திக் காட்டட்டும். 'உண்மைச் சம்பவம்' என்று போட்டால் எங்கே, எப்போது, எந்த ஆதாரத்தின் பேரில் என்றும் போடட்டும். இவ்வளவும் கேட்பதற்குச் சந்தாக் கட்டும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பார்வையாளர் சேனலுக்கே நேராகப் புகார் எழுதலாம். 24 மணி நேரத்துக்குள் சேனல் அதற்கு ஒப்புகை தர வேண்டும். 15 நாளில் முடிவைத் தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் ஒளிபரப்பாளர்களின் ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆபீசில் நாள் முழுதும் மனு எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் நிறைந்த சமூகத்துக்கு இது பெரிய வேலை அல்ல. சேனலின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், ஆட்சேபிக்கும் காட்சி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிவிடலாம்.