எதற்கெடுத்தாலும் பார்மட்டா?

"ஒண்ணும் செய்ய முடியாது சார், பார்மட் அடிச்சுடலாம்." கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறதா? பார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? பார்மட். இன்டர்நெட் அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? அதற்கும் பார்மட். காய்ச்சலுக்கும், கால் வலிக்கும், கண் எரிச்சலுக்கும் ஒரே மாத்திரையைத் தருகிற டாக்டரிடம் நாம் இரண்டாவது முறை போவோமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் போகிறோம். கேட்ட பணத்தையும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்மட் என்பது கடைசி மருந்து. கோளாறு என்னவென்று தெரியாமலும், பைல்களுக்குப் பிரதி எடுக்காமலும் செய்யப்படும் பார்மட்டை ரிப்பேர் என்று சொல்லவே கூடாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்கள் இதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வருந்த வேண்டியிருக்காது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதில் பயர்வால் இருந்தது. ஆனால் அது தானாக இயங்கும்படி அமைக்கப்படவில்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வோர்ம் பரவியபோது, இன்டர்நெட்டில் இணைத்த சிறிது நேரத்திலேயே பல கம்ப்யூட்டர்கள் தாமாக ரீ ஸ்டார்ட் ஆயின. 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகுதான் பயர்வால் தானாகவே காவலுக்கு நின்றது. அந்த நாட்களில் வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதைவிட, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் பதிவது சுலபமாக இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தவையும் நாலைந்து கடிதங்கள், கொஞ்சம் பாட்டுகள், சில கேம்கள். 700 எம்.பி. கொள்ளும் ஒன்றிரண்டு சிடிக்களில் அடங்கிவிடும்.

இன்று உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மொபைல் போனிலிருந்து மாற்றி வைத்த குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கடைக் கணக்கு. போனால் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதவை இவை. விண்டோஸும் மாறிவிட்டது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஆன்டி வைரஸ் புரோகிராம் சிஸ்டத்துடனேயே வருகிறது. பார்மட் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"சி டிரைவ் மட்டும்தான் சார்!"

"டி டிரைவைத் தொட மாட்டேன், பயப்படாதீங்க" என்பது அடுத்த ஆறுதல் வாக்கியம். இதை நம்பி ஏமாந்தவர்கள் பலர். டெஸ்க்டாப்பில் நீங்கள் வைக்கும் பைல்கள், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய போல்டர்கள் எல்லாமே, நீங்கள் மாற்றி அமைத்தாலொழிய, சி டிரைவில்தான் இருக்கின்றன. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் அங்கேதான். கணக்கு எழுதும் புரோகிராம்கள் பலவும் தங்கள் டேட்டாவை அங்கேயே வைக்கின்றன.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், பல ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகளை டி டிரைவில் பத்திரமாக வைத்திருந்தார். பார்மட் முடிந்து வந்து திறந்து பார்த்தால், ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் கிடந்தன. "பைல் எல்லாம் கெட்டுப் போச்சு" என்று கைவிரித்துவிட்டார் பார்மட் செய்தவர். உண்மையில் ஒரு பைலும் கெடவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரில் இருந்தது. பார்மட்டில் அது போய்விட்டது. நல்லவேளையாக அவரது அலமாரியில் பழைய எழுத்துரு சிடி இருந்தது. அதிலிருந்து எழுத்துருவை மீண்டும் பதிந்ததும் அத்தனை கட்டுரைகளும் தமிழாகத் தெரிந்தன. அந்த சிடி இல்லாதிருந்தால்? உங்களிடம் இப்படிப் பழைய எழுத்துருவில் அமைந்த பைல்கள் இருந்தால், எழுத்துரு பைலையும் அவற்றுடனேயே காப்பி செய்து வையுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

"அழிந்தால் என்ன, ரெகவரி சாப்ட்வேர் இருக்கிறதே" என்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் குயிக் பார்மட் செய்தால் பைல்களின் பட்டியல்தான் அழியும். தகவல்கள் அடியில் இருக்கும். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. டிரைவ்களில் கதை வேறு. எந்த இடங்கள் தேவையில்லை என்று டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடும். டிரைவ் அவற்றைத் துடைத்துவிடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் பெரும்பாலும் மீட்க முடியாது.

முதலில் இவற்றைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் தொல்லை வந்தால் நான் பார்க்கும் வரிசை இது. இதற்குப் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை.

பிழைச் செய்தி வந்தால் உடனே ஓகே தட்டி மூடிவிடாதீர்கள். மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லை எப்போது தொடங்கியது, அதற்கு முன்பு எதைப் பதிந்தீர்கள், எதைப் புதிதாக இணைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக் கோளாறுகள் இந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து ரீ ஸ்டார்ட். ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் போதும் என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே எழுப்பப்படுகிறது. ரீ ஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மெதுவாக இயங்கினால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ப்ராசசர், மெமரி, டிஸ்க் இவற்றில் எது நிரம்பி வழிகிறது, எந்தப் புரோகிராம் அதற்குக் காரணம் என்று அதிலேயே தெரியும். ஸ்டார்ட்அப் பகுதியில், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே எழுந்து உட்காரும் புரோகிராம்களில் தேவையற்றவற்றை டிஸேபிள் செய்திடுங்கள். சி டிரைவில் போதிய காலி இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவசப் புரோகிராம், டிஸ்க் தானே குறித்து வைத்திருக்கும் தகவல்களைப் படித்து நல்ல நிலையா, எச்சரிக்கையா, மோசமா என்று சொல்லிவிடும். எச்சரிக்கை என்று வந்தால் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு, முக்கியமான பைல்களை உடனே வேறிடத்தில் காப்பி செய்யுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கைப் பார்மட் செய்வதால் அது பிழைக்காது. உறவினர் ஒருவரின் கம்ப்யூட்டருக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை பார்மட் நடந்தது. கடைசியில் டிஸ்க்தான் பழுது என்று தெரிந்து மாற்றினோம். மூன்று முறை கொடுத்த பணம் வீண்.

திடீரென்று தானாக அணைந்தால் தூசியையும் பேனையும் பாருங்கள். சூடு காரணமாக இருக்கலாம். ஒரு புரோகிராமோ டிரைவரோ பதிந்த பிறகு தொல்லை என்றால் அதை நீக்குங்கள். சிஸ்டம் ரெஸ்டோர் வசதியை ஆன் செய்து வைத்திருந்தால், உங்கள் சொந்த பைல்களைத் தொடாமலேயே சிஸ்டத்தை முந்தைய நாளின் அமைப்புக்குக் கொண்டு செல்லலாம். விண்டோஸையே புதிதாகப் பதிய வேண்டிய நிலை வந்தாலும், ரீசெட் பகுதியில் பைல்களை வைத்துக்கொண்டு பதியும் வழி உண்டு.

தவறு அவர்கள் பக்கம் மட்டுமா?

சர்வீஸ் செய்பவர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். "கேபிளை மாற்றிச் சொருகினதுக்கா இவ்வளவு?" என்று நாம் சண்டை போடுவோம். பார்மட் என்றால் பேரம் பேசாமல் கொடுப்போம். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று அவசரமும் படுத்துவோம். காரணத்தைத் தேடுபவருக்குக் கூலி இல்லை, அழிப்பவருக்குக் கூலி உண்டு என்றால் அவர் எதைச் செய்வார்? கண்டுபிடிக்கும் வேலைக்கும் கூலி தர நாம் பழக வேண்டும். பார்மட் செய்யாமலே சரிசெய்து தருபவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பார்மட் தேவைப்படும் நேரங்களும் உண்டு. மோசமான வைரஸ் உள்ளே வேரூன்றிவிட்டாலோ, கம்ப்யூட்டரை வேறொருவருக்கு விற்கும்போதோ வேறு வழியில்லை. அப்போதும் சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, "என்ன கோளாறு கண்டுபிடித்தீர்கள்?" பதில் இல்லையென்றால் பார்மட் வேண்டாம்.

இரண்டு, "எந்தெந்த போல்டர்களைக் காப்பி செய்தீர்கள்? திறந்து காட்டுங்கள்." பெயர்களைப் பார்த்தால் போதாது. நாலைந்து படங்களையும் கணக்கு பைலையும் நீங்களே திறந்து பாருங்கள்.

மூன்று, "எந்த விண்டோஸைப் பதியப் போகிறீர்கள்?" விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஒரிஜினல் விண்டோஸ் 10 அல்லது 11 உடன் வந்த கம்ப்யூட்டரில் அதே பதிப்பை மீண்டும் பதிந்தால், உரிமம் பொதுவாகத் தானாகவே ஏற்றுக்கொள்ளப்படும். அப்படியிருக்க, ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டுத் திருட்டுப் பிரதியை ஏற்ற வேண்டிய அவசியம் என்ன? இன்னொன்று. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் பதிந்து மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிரைவ் தானாகவே பூட்டப்படுகிறது. சில சமயம் அதைத் திறக்க 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கீ எந்த அக்கவுண்டில் நுழைந்தோமோ அதில்தான் இருக்கும். ஆகவே சர்வீஸ் செய்பவரின் இமெயில் முகவரியைப் போட விடாதீர்கள். உங்களுடையதைக் கொடுத்து, பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள்.

இவ்வளவையும் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். வேலை தெரிந்தவர் கோபிக்க மாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழுது வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களைக் காப்பி செய்து, கேபிளைக் கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து அமைத்த டி டிரைவில் காப்பி எடுத்தால் அது பேக் அப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மாதம் ஒருமுறை இதைச் செய்து வந்தால், நாளைக்கு யாராவது "பார்மட் அடிச்சுடலாம்" என்று சொல்லும்போது பதறாமல், "எதற்கு?" என்று கேட்கும் தைரியம் உங்களுக்கு இருக்கும்.