கம்பியின் உயரமும் விரலின் வலியும்



பேஸ் கிட்டார் பயிலத் தொடங்கிய மகனோ மகளோ சில திங்களுக்குள் அதனை உறையிலிட்டு அலமாரியின்மேல் ஏற்றிவிட்டால், “பிள்ளைக்கு இசையில் நாட்டமில்லை” என்று இல்லத்தார் முடிவு கட்டிவிடுகின்றனர். பல வேளைகளில் இம்முடிவு பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதியேயாகும். குறை பிள்ளையின் விரலில் இல்லை. கருவியின் கம்பிகள் அளவுக்கு மீறி உயர்ந்து நிற்பதில் இருக்கக்கூடும். பொறுமையுள்ள எவரும் இதனை இல்லத்திலேயே சீர்செய்யலாம்.

வீணையில் மெட்டு எனப்படுவதையே கிட்டாரில் ஃபிரெட் என்பர். ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியே கம்பி உயரம். பேஸ் கிட்டாரில் பொதுவாக நான்கு கம்பிகள். ஓசையுண்டாக்கும் நீளம் பெரும்பாலான கருவிகளில் 34 அங்குலம், அதாவது 86 செ.மீ.க்குச் சற்று மேல். மிகத் தடித்த ஈ கம்பி ஏறத்தாழ 2.6 மி.மீ. பருமன் உடையது. இத்துணைத் தடித்த கம்பியை நெடுந்தூரம் கீழே அழுத்த வேண்டியிருந்தால், பன்னிரண்டு வயதுச் சிறுவனின் விரல் என்ன பாடுபடும்! அதுமட்டுமன்று, தாழ அழுத்துந்தோறும் கம்பி இழுபடுவதால் சுரமும் சற்றே ஏறிவிடுகிறது. பிள்ளை சரியான இடத்தில்தான் விரல் வைக்கிறான். பாடகர் குழுவிலோ சுருதி சேரவில்லை என்று அவனையே கடிந்துகொள்கின்றனர்.

ஆயின், கம்பி மிகத் தாழ்ந்தாலும் தொல்லைதான். அதிரும் கம்பி அடுத்தடுத்த ஃபிரெட்டுகளில் உரசி ‘ஜிர்’ரென்று கரகரக்கும். 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளிக்கொணர்ந்த ஃபெண்டர் நிறுவனம் இதற்கொரு தொடக்க அளவு கூறுகிறது. 17-ஆம் ஃபிரெட்டில் அளக்கும்போது, தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ.யும் மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ.யும் இருக்கலாம். விரற்பலகை மிகுதியாக வளைந்த பழைய பாணிக் கருவியாயின் 2.8, 2.4 என்று கொள்ள வேண்டும். இவை தொடக்க அளவுகளே. மாறாத சட்டங்கள் அல்ல. 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பிகளை மிக உயரமாக வைத்தே வாசித்தார். அவருடைய விரல் வலிமை வேறு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கூறுவது பொருந்தாது.

உயரம் மிகுந்திருக்கக் கண்டவுடன் பிரிட்ஜிலுள்ள திருகுகளைத் திருகத் தொடங்குவோர் பலர். அங்கேதான் தவறு நேர்கிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கருவியின் கழுத்தை 70 கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதுபோல் ஓயாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. கழுத்தோ மரத்தாலானது, மழைக்காலத்து ஈரத்திலும் கோடையின் வறட்சியிலும் அதன் வளைவு மாறும். கழுத்து முன்னோக்கி வளைந்துவிட்டால் பிரிட்ஜ் அசையாதிருக்கும்போதே நடுப்பகுதியில் கம்பி உயர்ந்துவிடும். ஆகவே முதலில் கழுத்தையும் பின்னரே பிரிட்ஜையும் கவனிப்பது முறை.

கைப்பேசியிலுள்ள டியூனரின் துணையால் கம்பிகளைச் சுருதி கூட்டிக்கொள்க. கருவியை மேசையில் கிடத்தாமல், வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்க. ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போவினால் பிணித்து, கடைசி ஃபிரெட்டில் ஒரு விரலால் அழுத்தினால், இழுத்துப் பிடித்த கம்பியே நேர்கோட்டு அளவுகோலாகிவிடும். இப்போது 8-ஆம் ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே 0.3 மி.மீ. அளவு இடைவெளி இருத்தல் நன்று. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதனை அளக்கப் போதும். இடைவெளி மிகுதியாயின், கழுத்தினுள் புதைந்துள்ள டிரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டை இறுக்க வேண்டும். அதன் திருகை நேர்முகமாகப் பார்க்கும் நிலையில் கடிகார முள் சுழலும் திசையே இறுக்கும் திசை. இடைவெளியே இல்லையாயின் எதிர்த்திசையில் தளர்த்துக. ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. இறுக்குமுன் கம்பிகளைச் சற்றே தளர்த்திக்கொள்வதும், திருப்பிய பின் மீண்டும் சுருதி கூட்டி அளப்பதும் இன்றியமையாதவை. திருகு அசைய மறுத்தால் வலிமையைக் காட்டாது நிறுத்திவிடுக. தண்டு முறிந்தால் கழுத்தே பாழாகும். அச்செலவு சில வேளைகளில் கருவியின் விலையையே எட்டிவிடும்.

கழுத்துச் சீரான பின்னரே பிரிட்ஜின் வேலை. ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலில் இரு சிறு திருகுகள் உண்டு. துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஆலன் கீயையே பயன்படுத்துக. அங்குல அளவுத் துளையில் மி.மீ. அளவுக் கருவியை நுழைத்துத் துளையின் முனைகளை மழுக்கிவிடுவோர் உளர். கடிகாரத் திசையில் திருப்பினால் சேடில் உயரும்; எதிர்த்திசையில் தாழும். இரு திருகுகளையும் சம அளவில் திருப்பினால்தான் சேடில் சாயாது நிற்கும். சேடிலை 1 மி.மீ. தாழ்த்தினால் 12-ஆம் ஃபிரெட்டில் அதில் பாதியும், 17-ஆம் ஃபிரெட்டில் ஏறத்தாழ 0.6 மி.மீ.யும் கம்பி தாழும். ஆதலின் சிறு அளவிலேயே திருப்பி, ஒவ்வொரு முறையும் சுருதி கூட்டி, அளந்து பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃபிரெட்டிலிருந்து கடைசி வரை மீட்டிப் பார்க்கவும். பிள்ளையே மீட்டட்டும், அவன் எவ்வளவு அழுத்தமாக மீட்டுவான் என்பதைப் பொறுத்தே உயரமும் அமையும். கரகரப்பு முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் மட்டும் எழுந்தால் கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்துள்ளது எனலாம். டிரஸ் ராடைச் சற்றே தளர்த்துக. உடற்பகுதியை ஒட்டிய ஃபிரெட்டுகளில் எழுந்தால் சேடில் மிகத் தாழ்ந்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் எழுந்தால் அங்குள்ள ஃபிரெட் தேய்ந்தோ, அடுத்தது மேலெழும்பியோ இருக்கும். அது பழுதுபார்ப்போர் வேலை. விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் கரகரத்தால், தலைப்பக்கத்து நட்டில் கம்பி பதியும் பள்ளம் ஆழ்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நட்டில் அரம் வைப்பதை இல்லத்தில் முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. திருகைத் திருப்பி வைக்கலாம். அராவிய நட்டைத் திருப்பி வைக்க இயலாது.

உயரம் மாறியதும் சுரத்தானமும் மாறியிருக்கும். 12-ஆம் ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுக. அழுத்திய ஒலி உயர்ந்து நின்றால் சேடிலைக் கழுத்திலிருந்து அப்பால் நகர்த்துக. தாழ்ந்து நின்றால் கழுத்தை நோக்கி நகர்த்துக. கடைசி ஃபிரெட்டில் அழுத்தும்போது கம்பி பிக்கப்பைத் தொடுமாயின், பிக்கப்பின் இரு ஓரத்துத் திருகுகளால் அதனைத் தாழ்த்திவிடலாம்.

அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று கருத வேண்டாம். டிரஸ் ராடைத் திருப்பிய பின் மரம் தன் நிலைக்கு வர ஓரிரு நாள் ஆகலாம். மறுநாள் மாலை மீண்டும் சுருதி கூட்டி அளந்து, கண்ட அளவுகளைத் தேதியிட்டு ஒரு தாளில் குறித்துக் கருவியின் உறைக்குள் வைத்துவிடுக. பருவம் மாறிக் கம்பிகள் மீண்டும் உயர்ந்தாற்போல் தோன்றும்போது, அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஆலன் கீயைத் தொடலாம்.