அடிபடாமலே கன்றும் உடல்



"எங்கும் விழவில்லை, அடிபடவுமில்லை. ஆனாலும் தொடை நீலமாகக் கன்றியிருக்கிறது" என்று மகள் சொன்னால் நம்மில் பலர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வருவதையும், கீழ்க்காலில் நுளம்பு கடித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதையும் அப்படியே விட்டுவிடுகிறோம். அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸை அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிட்டால் அது தோலின் அடியில் கசிந்த இரத்தமாகும். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

இரத்தம் உறைவதற்கு உதவுபவை குருதிச் சிறுதட்டுக்கள். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் இவை 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழக்கம். சிலருடைய உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தவறுதலாக இவற்றை அழித்துவிடுகிறது. 1950 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வில்லியம் ஹரிங்டன் என்ற வைத்தியர், இத்தகைய நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய சிறுதட்டுக்களும் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. அழிக்கும் பொருள் இரத்தத்திலேயே இருக்கிறது என்பது அப்படித்தான் தெளிவானது.

நம் நாட்டில் சிறுதட்டுக் குறைவு என்றதும் டெங்குவே நினைவுக்கு வரும். டெங்குவில் காய்ச்சலோடு குறைந்து, சில நாட்களில் மீண்டும் ஏறும். இந்நோயிலோ பெரும்பாலும் காய்ச்சல் இருப்பதில்லை. பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு சில மாதங்களில் தானாகவே குணமாகிவிடும். பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நீடிக்கலாம். இது தொற்றுநோயல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வலிக்கு அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்ற குளிசைகளைத் தொடவே கூடாது. அவை இருக்கும் சிறுதட்டுக்களையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். வைத்தியர் சொன்ன அளவில் பனடோல் எடுக்கலாம். தசையில் ஊசி போடுவதற்கு முன்னும், பல் பிடுங்குவதற்கு முன்னும் நோயைச் சொல்லிவிடுங்கள். ஆண்பிள்ளைக்கு இந்நோய் இருந்தால் கத்னாவுக்கு முன்னும் இதைச் சொல்ல வேண்டும். ஹிஜாமா செய்துகொள்ள வேண்டாம்.

மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்குங்கள். தேங்காய் துருவும்போதும் மீன் வெட்டும்போதும் அவசரம் வேண்டாம். குளியலறைத் தரை வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

பிரெட்னிசொலோன் குளிசை தரப்பட்டிருந்தால், உடல் தேறிவிட்டதென்று நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள். நோன்பு நோற்க விரும்புபவர்கள் ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் பேசி, குளிசையின் நேரத்தை மாற்ற முடியுமா, இவ்வருடம் நோற்பது பாதுகாப்பானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்ல வெட்கப்படும் விடயம்

பெண்களுக்கு இந்நோய் மாதவிடாயிலும் தன்னைக் காட்டலாம். ஏழு நாளுக்கு மேலும் நிற்காமல் போவது, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை துணி மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாக வெளியேறுவது ஆகியவை சாதாரணமானவை அல்ல. வெட்கத்தால் மறைத்து, உடலில் இரத்தம் வற்றி, படியேறினாலே மூச்சு வாங்கும் நிலையில் வைத்தியரிடம் வருகிறவர்கள் உண்டு. இரத்தப்போக்கைக் குறைக்கக் குளிசைகள் இருக்கின்றன. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால் பெண் வைத்தியரைக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் எத்தனை நாள், எத்தனை துணி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கல்யாணப் பேச்சு வரும்போது உம்மாமார் இதை மறைக்க நினைப்பதுண்டு. அது பிள்ளைக்குத்தான் ஆபத்து. மறைக்கப்பட்ட நோய் பிரசவ நேரத்தில் வெளியே வந்தால் வைத்தியர்களுக்கு ஆயத்தமாக அவகாசம் இராது. முன்கூட்டியே தெரிந்தால் தகுந்த கவனிப்போடு பிள்ளை பெறலாம். பலர் நலமாகப் பெற்றிருக்கிறார்கள்.

எப்போது ஓட வேண்டும்?

தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், மலம் கறுத்துப் போவது, சிறுநீரில் இரத்தம், அழுத்தியும் நிற்காத இரத்தப்போக்கு இவற்றுக்கும் அப்படியே. விடியும் வரை பொறுக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்குக் காய்ச்சல் கண்டாலும் இதே அவசரம்தான்.

நோயின் பெயர், இரத்த வகை, கடைசிப் பரிசோதனையின் எண்ணிக்கை, எடுக்கும் குளிசைகள் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். அதன் இன்னொரு பிரதி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.